லேப்டாப்போடு சேர்ந்து பீரோவும் ரிப்பேருக்குப் போகிறது

சென்ற ஆண்டு என் லேப்டாப்பின் கீல் உடைந்துவிட்டது. திறக்கும்போதெல்லாம் கடக்கென்று ஒரு சத்தம் வரும். ஒரு நாள் திரையைச் சுற்றியிருக்கும் சட்டமே வாயைப் பிளந்துகொண்டது. சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்தில் ஒரு சின்னக் கடைக்கு எடுத்துப் போனேன். கவுன்டரில் இருந்த பையன் மூடியை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தான். “மூன்று நாள் ஆகும் சார்” என்றான். பில் புத்தகத்தில் என் பெயரையும் செல்பேசி எண்ணையும் எழுதிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்டான்: “பாஸ்வேர்ட் சொல்லுங்கள் சார்.”

சொல்லிவிட்டேன். மாஸ்க்கிங் டேப்பில் ஒரு துண்டு கிழித்து, அதில் மார்க்கரால் என் பின் எண்ணை எழுதி, மூடியின் மேல் ஒட்டி, பின்னால் இருந்த அலமாரியில் செருகினான். அங்கே ஏற்கெனவே பத்துப் பதினைந்து லேப்டாப்கள் நூலகப் புத்தகங்களைப் போல நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு டேப். நான் நின்ற இடத்திலிருந்தே மூன்று பாஸ்வேர்டுகளைப் படிக்க முடிந்தது. அதில் ஒன்று, ஒரு பெண்ணின் பெயரும் பிறந்த ஆண்டும்.

கீல் மாற்றுவதற்குப் பாஸ்வேர்ட் எதற்கு என்பது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கீல் என்பது ஒரு உலோகத் துண்டும் நாலைந்து திருகும். அதை மாற்றுகிறவருக்குத் தேவை ஒரு திருப்புளி.

அந்த மூன்று நாளும் நான் செய்தது ஒரே வேலை: அந்த லேப்டாப்பில் என்னென்ன இருக்கிறது என்று நினைவுபடுத்திப் பார்த்தது. வீட்டில் எல்லோருடைய ஆதார், பான் அட்டை நகல்கள். படிவம் 16. வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன். அம்மாவின் மருத்துவ அறிக்கைகள். பல வருடப் புகைப்படங்கள். திறந்தால் தானாகவே மின்னஞ்சலுக்குள் போய்விடும் குரோம் பிரவுசர். அதற்குள் நாற்பது ஐம்பது தளங்களின் பாஸ்வேர்டுகள். பக்கத்திலேயே வாட்ஸாப், அதுவும் திறந்த நிலையில்.

குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளை யாரும் சும்மா பார்த்துவிட முடியாது என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். ஒரு பாஸ்வேர்டைக் காட்டச் சொன்னால் அது முதலில் விண்டோஸின் பின் எண்ணைக் கேட்கும். சரிதான். ஆனால் அந்த எண்தானே மூடியின் மேல் மார்க்கரில் எழுதியிருக்கிறது!

பிடிஎஃப் கோப்புகளுக்குப் போடும் பாஸ்வேர்டும் இப்படித்தான். தரவிறக்கும் இ-ஆதார் கோப்பின் பாஸ்வேர்ட் உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும். வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கைக்குப் பான் எண்ணும் பிறந்த தேதியும். வங்கி அனுப்பும் கணக்கு அறிக்கைக்கு என்ன பாஸ்வேர்ட் என்ற சூத்திரத்தை, அதைக் கொண்டுவரும் மின்னஞ்சலே விளக்கிச் சொல்லிவிடும். ஒரு கோப்பின் சாவி பக்கத்துக் கோப்பிலேயே கிடக்கிறது. தனியாக ஒரு கோப்பு வெளியே போனால் இந்தப் பூட்டு கொஞ்சம் காக்கும். லேப்டாப் முழுவதுமாகப் போனால் காக்காது.

வாட்ச்மேனும் பீரோவும்

சரி, பாஸ்வேர்ட் சொல்லாமல் வந்திருந்தால் எல்லாம் பத்திரமா? பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால், அடுத்து வருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் திறக்கும்போது கேட்கும் பாஸ்வேர்ட், அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இருக்கும் வாட்ச்மேனைப் போன்றது. யார் என்று கேட்பார். தெரியாதவர் என்றால் உள்ளே விடமாட்டார். உங்கள் கோப்புகள் எல்லாம் வீட்டுக்குள் இருக்கும் பீரோவில் இருக்கின்றன. அந்தப் பீரோ பூட்டியிருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கும் வாட்ச்மேனுக்கும் சம்பந்தமே இல்லை.

லேப்டாப்பில் பீரோ என்பது எஸ்எஸ்டி அல்லது ஹார்ட் டிஸ்க். இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் இருக்கும் எம்.2 வகை எஸ்எஸ்டி ஒரு விரல் நீளத்துக்கு, அட்டைபோல ஒல்லியாக இருக்கும். பின்மூடியைக் கழற்றி ஒரே ஒரு திருகை எடுத்தால் கையோடு வந்துவிடும். அதை ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு வேறொரு கணினியில் செருகினால், பென் டிரைவைப் போலத் திறந்துகொள்ளும். உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டருக்குள் போகும்போது “அனுமதி இல்லை” என்று ஒரு சின்னப் பெட்டி வரும்; அதிலேயே “தொடரவும்” என்று ஒரு பொத்தானும் இருக்கும். அந்தக் கணினியில் அட்மினிஸ்ட்ரேட்டராக இருப்பவர் அதை அழுத்தினால் போதும். உங்கள் விண்டோஸ் பாஸ்வேர்டை எந்த இடத்திலும் யாரும் கேட்கமாட்டார்கள். பீரோவைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கே போய்விட்டபின், இந்த வாசலில் நிற்கும் வாட்ச்மேன் என்ன செய்வார்?

பீரோவுக்குப் போடும் பூட்டுதான் என்கிரிப்ஷன். தமிழில் குறியாக்கம் என்கிறார்கள். டிஸ்க்கில் எழுதப்படும் ஒவ்வொரு துண்டுத் தகவலையும் ஒரு சாவியைக் கொண்டு கலைத்து எழுதுவது. படிக்கும்போது அதே சாவியால் சரிசெய்து படிப்பது. சாவி இல்லாதவருக்கு டிஸ்க் முழுக்கக் குப்பைதான் தெரியும். கோப்பின் பெயர்கூடத் தெரியாது. இதை நீங்கள் ஒவ்வொரு கோப்பாகச் செய்ய வேண்டியதில்லை. ஒரு முறை இயக்கிவிட்டால் இயங்குதளமே பின்னணியில் பார்த்துக்கொள்ளும்.

விண்டோஸில் இதன் பெயர் பிட்லாக்கர். விஸ்டா காலத்திலிருந்தே, அதாவது 2007-லிருந்தே இருக்கிறது. புரோ பதிப்பில் முழு வசதியும் உண்டு. ஹோம் பதிப்பில் இதன் எளிய வடிவம் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில், வன்பொருள் இடம் கொடுத்தால் கிடைக்கும். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், பொருத்தமான கணினிகளில் இது தானாகவே இயங்கிவிடுகிறது. அதற்கு முன் வாங்கிய லேப்டாப் என்றால் பார்த்துவிடுவது நல்லது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் போய், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்பதைத் திறந்தால் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற வரி இருக்கும். அந்த வரியே இல்லை என்றால் உங்கள் கணினியில் அந்த வசதி இல்லை என்று பொருள். புரோ பதிப்பும் இல்லாதவர்கள் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். முக்கியமான கோப்புகளுக்கு மட்டும் பூட்டிய பெட்டி ஒன்றை அதில் செய்துகொள்ள முடியும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஃபைல்வால்ட். புதிய மேக்குகளில் டிஸ்க் எப்போதுமே குறியாக்கத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் ஃபைல்வால்ட்டை இயக்கினால்தான் அந்தச் சாவி உங்கள் பாஸ்வேர்டோடு பிணைகிறது. லினக்ஸ்காரர்கள் நிறுவும்போதே டிஸ்க்கைப் பூட்டவா என்று கேட்கும் இடத்தில் டிக் செய்திருப்பார்கள், அல்லது செய்யாமல் விட்டதை நினைத்து இப்போது தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள்.

பிட்லாக்கரில் ஒரு வில்லங்கம் உண்டு. ரிப்பேருக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு என்பதால் சற்று நின்று சொல்கிறேன். சாவி, மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் காக்கப்படுகிறது. அதனால்தான் தினமும் நீங்கள் சாவியைத் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பதில்லை. போர்டு மாறாமல் இருக்கும்வரை டிஸ்க் தானாகத் திறந்துகொள்ளும். விண்டோஸ் நுழைவுத் திரை வந்து நிற்கும். சர்வீஸ் சென்டரில் மதர்போர்டை மாற்றிவிட்டால் டிஸ்க்குக்குப் பழைய நண்பரை அடையாளம் தெரியாது. நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. அது உங்களிடம் இல்லை என்றால் உங்கள் கோப்புகள் உங்களுக்கும் இல்லை. மைக்ரோசாஃப்டாலும் அதைப் புதிதாக உருவாக்கித் தர முடியாது.

ஆகவே லேப்டாப்பைக் கொடுக்கும் முன்பே அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இயக்கியிருந்தால் வழக்கமாக அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும்; செல்பேசியிலிருந்து கணக்குக்குள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நான் ஒரு தாளில் எழுதி, ரேஷன் அட்டையும் காஸ் புத்தகமும் இருக்கும் கவரில் வைத்திருக்கிறேன். பழங்கால முறைதான். லேப்டாப் பையிலேயே வைக்காமல் இருந்தால் சரி.

யார் பார்க்கப் போகிறார்கள்?

“நான் என்ன மந்திரியா? என் படங்களை யார் சார் பார்க்கப் போகிறார்கள்?” இதைப் பல பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கனடாவில் கெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைக் கடைகளிலேயே கொண்டுபோய்ச் சோதித்தார்கள். ஆய்வு 2022-இல் வெளியானது. ஒலியை இயக்கும் டிரைவர் மென்பொருளை மட்டும் முடக்கிவிட்டு, மற்றபடி நன்றாக வேலை செய்யும் லேப்டாப்களை ஒன்டாரியோ மாகாணத்து ரிப்பேர் கடைகளில் விட்டார்கள். சரிசெய்யச் சில நிமிடங்கள் போதும். யாருடைய கோப்பையும் திறக்க வேண்டியதே இல்லை. திரையில் நடப்பதையெல்லாம் பதிவுசெய்யும் ஏற்பாடு உள்ளே ஒளிந்திருந்தது. இப்படிக் கொடுத்த 16 முறைகளில் 6 முறை, ரிப்பேர் செய்தவர்கள் வாடிக்கையாளரின் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள். இரண்டு முறை அவற்றை வெளியே நகலெடுத்தும் இருந்தார்கள். பெண்கள் கொடுத்த லேப்டாப்களில்தான் இது அதிகம். சிலர் பார்த்துவிட்டு, சமீபத்தில் திறந்த கோப்புகள் பட்டியலையும் துடைத்து வைத்திருந்தார்கள் என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. தப்பு என்று தெரியாமல் செய்தவர் தடயத்தைத் துடைக்கமாட்டார்.

அதே ஆய்வில் இன்னொரு சோதனை, பேட்டரி மாற்றக் கேட்டது. பேட்டரிக்கும் பாஸ்வேர்டுக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனாலும் ஒரு கடையைத் தவிர மற்ற எல்லாக் கடைகளும் பாஸ்வேர்ட் கேட்டன. ரிச்சி தெருவுக்கும் ஒன்டாரியோவுக்கும் இந்த விஷயத்தில் தூரம் அதிகமில்லை.

ஹாங்காங் நடிகர் எடிசன் சென் விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். ரிப்பேருக்குக் கொடுத்த அவருடைய கணினியிலிருந்து எடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்கள் 2008 ஜனவரி இறுதியில் இணையத்தில் பரவத் தொடங்கின. கடையில் வேலை செய்த தொழில்நுட்பருக்கு 2009-இல் எட்டரை மாதச் சிறை விதித்தார்கள். படங்களில் இருந்த பெண்கள் அனுபவித்ததோ எட்டரை மாதத்தில் முடியவில்லை.

இந்த இரண்டும் கெட்ட எண்ணத்தில் செய்தவை. நம் ஊர்க் கடைகளில் நான் அதிகம் அஞ்சுவது வேறொன்று. கெட்ட எண்ணமே இல்லாத அசிரத்தை.

விண்டோஸைப் புதிதாகப் போடக் கொடுத்தால் கடைக்காரர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நல்ல மனிதர் என்றால் “டேட்டா வேண்டுமா சார்?” என்று கேட்பார். வேண்டும் என்பீர்கள். உங்கள் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டி டிரைவ் எல்லாவற்றையும் கடையின் 2 டிபி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுப்பார். ஃபார்மட் செய்வார். திரும்ப உங்கள் லேப்டாப்பில் போட்டுத் தருவார். பணம் வாங்கிக்கொள்வார். கடையின் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் நகலை அழிப்பது அந்தப் பட்டியலில் எங்குமே வராத வேலை. இடம் போதாமல் போகும் அன்றைக்குத்தான் அழிப்பார். ஒரு முறை வேறொரு கடையில் நான் காத்திருந்தபோது அப்படியொரு டிஸ்க்கைத் திரையில் திறந்து வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் பெயரும் செல்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கமுமாக வரிசையாக ஃபோல்டர்கள். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன. அந்தக் கடைக்காரர் யார் வீட்டுப் படத்தையும் பார்த்திருக்கமாட்டார். அவருக்கு நேரமும் இல்லை. ஆனால் அந்த டிஸ்க்கை அவர் பழைய சாமான்களோடு விற்றால், அல்லது அடுத்த மாதம் வேலைக்குச் சேரும் பையனுக்கு நேரம் நிறைய இருந்தால்?

ஆகவே நகலெடுக்கும் வேலையைக் கடைக்கு விடவே கூடாது. ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி நீங்களே எடுத்துவிடுங்கள். உங்களிடம் நகல் இருந்தால் “டேட்டா வேண்டாம், அழித்துவிடுங்கள்” என்று தைரியமாகச் சொல்ல முடியும். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் தகவல் இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று அச்சடித்திருப்பார்கள். அதை விதி என்று நினைக்காமல் முன்னெச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

கொடுக்கும் முன்

கீல், பேட்டரி, திரை, கீபோர்டு, சார்ஜ் செருகும் இடம், விசிறியைச் சுத்தம் செய்வது: இவை எதற்கும் பாஸ்வேர்ட் வேண்டாம். சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டுமே என்பார்கள். நியாயம்தான். நுழைவுத் திரை வந்தாலே திரை வேலை செய்வது தெரியும். பாஸ்வேர்ட் கட்டத்தில் தட்டிப் பார்த்தாலே கீபோர்டு தெரியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் டெல், எச்பி, லெனோவோ போன்ற நிறுவனங்களின் லேப்டாப்களில் விண்டோஸுக்குள் போகாமலே வன்பொருளைச் சோதிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. பவர் பொத்தானை அழுத்தியதும் டெல்லில் எஃப்12, எச்பியில் எஃப்2 அழுத்தினால் வரும். ரிப்பேர் செய்பவர்களுக்கு இது தெரியும். கேட்டுப் பழகிவிட்டதால் கேட்கிறார்கள், அவ்வளவுதான். “வேண்டாம் தம்பி, நான் வந்து திறந்து பார்த்துக்கொள்கிறேன்” என்று சொன்னால் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள்.

விண்டோஸ் மெதுவாக இருக்கிறது, ஏதோ மென்பொருள் திறக்கவில்லை, வைரஸ் என்றால் கதை வேறு. உள்ளே போகாமல் அவரால் பார்க்க முடியாது. முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலைக்கு இது நடக்கும். விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்றால், அவருக்கென்று புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அந்தப் பாஸ்வேர்டைக் கொடுங்கள். அது அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்காக இல்லாமல் சாதாரணக் கணக்காக இருக்கட்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் என்றால், முன்னே சொன்ன அதே “தொடரவும்” பொத்தானை அழுத்தி உங்கள் ஃபோல்டருக்குள் வந்துவிடலாம். சாதாரணக் கணக்கில் எல்லா ரிப்பேரும் செய்ய முடியாது என்பதும் உண்மை. அப்போது முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுக் கொடுப்பதைத் தவிர வழி இல்லை.

செல்பேசிகளுக்கு இதற்கென்றே ஒரு வசதி வந்துவிட்டது. சாம்சங் 2022-இலும், கூகுள் பிக்சல் 2023 இறுதியிலும் ரிப்பேர் நிலை ஒன்றைக் கொண்டுவந்தன. இயக்கிவிட்டுக் கொடுத்தால் ரிப்பேர் செய்பவருக்குக் காலியான செல்பேசிதான் தெரியும். உங்கள் படமும் செய்தியும் உள்ளேயே மறைந்திருக்கும். திரும்ப வாங்கியதும் உங்கள் பூட்டைத் திறந்து பழையபடி மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸில் ஏன் இன்னும் இப்படி ஒரு பொத்தான் இல்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

மாற்றுவதா அழிப்பதா என்ற இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரு கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டால் அது போய்விட்டது என்று நினைக்கிறோம். நடப்பது என்னவென்றால், நூலக அட்டவணையிலிருந்து அந்தப் புத்தகத்தின் அட்டையை மட்டும் கிழித்துப் போடுகிறோம். புத்தகம் அலமாரியில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் வேறு புத்தகம் வைக்கும்வரை, மீட்பு மென்பொருள் ஒன்றைக் கொண்டு அதைத் தேடி எடுத்துவிடலாம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இது மிக எளிது. எஸ்எஸ்டியில் அழித்த இடங்களை டிஸ்க்கே பின்னணியில் சுத்தம் செய்துவிடுவதால் கடினம். ஆனால் எப்போது சுத்தம் செய்யும் என்பது நம் கையில் இல்லை. டிஸ்க் முழுவதும் குறியாக்கத்தில் இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் போய்விடும். அழித்தவையும் பூட்டுக்குள்தானே கிடக்கின்றன.

எல்லாவற்றிலும் எளிய வழி, டிஸ்க்கையே கழற்றி வீட்டில் வைத்துவிட்டு உடம்பை மட்டும் அனுப்புவது. எம்.2 வகையோ பழைய இரண்டரை அங்குல வகையோ என்றால் செய்யலாம். டிஸ்க் மதர்போர்டோடு ஒட்டிய மேக்புக் போன்றவற்றில் முடியாது. வாரன்டி இருக்கும்போது முதலில் அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டுத் திருகில் கை வையுங்கள். டிஸ்க்கே பழுதாகி வாரன்டியில் மாற்றினால் பழைய டிஸ்க் வழக்கமாக நிறுவனத்துக்குத் திரும்பிப் போகும் என்பதும் பலருக்குத் தெரியாது. அதை நம்மிடமே விட்டுவிடும் திட்டங்களைச் சில நிறுவனங்கள் தனிக் கட்டணத்துக்கு விற்கின்றன. அலுவலக லேப்டாப்களுக்குத்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள்.

டிஸ்க்கைக் கழற்றுவதைத் தவிர மற்றதெல்லாம் லேப்டாப் உயிரோடு இருக்கும்போது செய்பவை. ஒரு காலையில் பொத்தானை அழுத்தி ஒன்றுமே வரவில்லை என்றால், கணக்கு உருவாக்கவும் முடியாது, கோப்பை மாற்றவும் முடியாது. டிஸ்க்கைக் கழற்ற முடியாவிட்டால், அன்றைக்கு உங்களைக் காப்பாற்றக்கூடியது எப்போதோ இயக்கி வைத்த குறியாக்கம் மட்டும்தான். அதோடு செல்பேசியிலிருந்து சில காரியங்கள் செய்யலாம். வாட்ஸாப்பில் லிங்க்டு டிவைசஸ் என்ற இடத்தில் அந்த லேப்டாப்பை வெளியேற்றுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் உங்கள் கருவிகள் பட்டியல் இருக்கும், அதிலிருந்தும் வெளியேற்றுங்கள். மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஏற்கெனவே டிஸ்க்கில் இறங்கிய கோப்புகளை இது மறைக்காது. ஆனால் உங்கள் பெயரில் புதிதாக யாரும் உள்ளே போவதைத் தடுக்கும். மற்ற எல்லாக் கணக்குகளையும் மீட்கும் வாசல் மின்னஞ்சல்தான் என்பதால் அதை மட்டுமாவது முதல் வேலையாகச் செய்துவிடுங்கள்.

திரும்ப வந்த லேப்டாப்பில் நான் முதலில் பார்ப்பது புதிதாக என்ன முளைத்திருக்கிறது என்று. கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் எனிடெஸ்க் போன்ற மென்பொருள் இருந்தால் நீக்கிவிடுவேன். தெரியாத பயனர் கணக்கு, பிரவுசரில் தெரியாத நீட்சி, இவற்றையும். கள்ள விண்டோஸையோ கள்ள ஆஃபீஸையோ “ஃப்ரீயாகப் போட்டுத் தருகிறேன் சார்” என்று போடுகிறவர்கள், அதற்காக வைரஸ் பாதுகாப்பையே அணைத்துவிட்டுத் திரும்ப இயக்க மறந்துவிடுவது உண்டு. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பின் எண் எப்படியும் மாற்ற வேண்டும்.

ஏதாவது வெளியே போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள். ஒப்பந்தத்தின் பேரில் ஒரு சேவை செய்யும்போது கையில் கிடைத்த தனிப்பட்ட தகவலை, முறையற்ற நஷ்டமோ லாபமோ உண்டாக்கும் நோக்கத்தோடு, அல்லது உண்டாகும் என்று தெரிந்தே, சம்மதமின்றி வெளியிடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 72ஏ பிரிவின்படி குற்றம். ஒருவரின் அந்தரங்க உறுப்பைக் காட்டும் படத்தை அவர் சம்மதமின்றி வெளியிடுவதற்கு 66இ பிரிவு இருக்கிறது. தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் கொடுக்கலாம். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

கீல் கதைக்கு வருகிறேன். மூன்றாம் நாள் லேப்டாப் வந்தது. கீல் நன்றாகவே மாற்றியிருந்தார்கள். டேப்பை உரித்த இடத்தில் பசை இரண்டு வாரம் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே யாராவது எதையாவது பார்த்தார்களா என்று கண்டுபிடிக்க எனக்கு வழி எதுவும் இல்லை.

எட்டு மாதம் கழித்து கீபோர்டில் நான்கு எழுத்துகள் வேலை செய்யாமல் போயின. அதே கடைக்குத்தான் போனேன். கைவேலை சுத்தம், விலையும் நியாயம். இந்த முறை முந்தைய இரவே எஸ்எஸ்டியைக் கழற்றி, அது வந்த பிளாஸ்டிக் உறையிலேயே போட்டு, காஸ் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துவிட்டிருந்தேன். அதே பையன். வழக்கம்போலத் தலையை நிமிர்த்தாமல் பாஸ்வேர்ட் கேட்டான்.

“டிஸ்க்கே இல்லை தம்பி, கழற்றிவிட்டேன்.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். “அப்புறம் எப்படி சார் டெஸ்ட் செய்வது?”

“பயாஸில் தட்டிப் பார்க்கலாமே.” டிஸ்க் இல்லாமலே திறக்கும் அமைப்புத் திரையைச் சொன்னேன்.

சற்று யோசித்தான். மேஜை இழுப்பறையைத் திறந்து, டிஸ்க் இல்லாமலே கணினியை இயக்கும்படி லினக்ஸ் போட்டு வைத்திருந்த பென் டிரைவ் ஒன்றை எடுத்து, “இதில் பார்த்துக்கொள்கிறேன்” என்றான். எட்டு மாதத்துக்கு முன்பும் அந்த இழுப்பறையில் அது இருந்திருக்க வேண்டும். பிறகு மாஸ்க்கிங் டேப்பைக் கிழித்து, மார்க்கரால் “டிஸ்க் இல்லை” என்று எழுதி மூடியின் மேல் ஒட்டினான்.